ராத்திரி பத்தரைக்கு ஒரு ரீவைண்ட்

போன வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி எழுதினதுக்கு, 'எங்க காலேஜ்லயும் அதே சாம்பார்தான்'னு ஆளாளுக்குப் புலம்பித் தள்ளிட்டீங்க. இந்த வாரம் மெஸ்ஸுலேர்ந்து சாமிகிட்ட போகலாம். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? இருக்கு. பொறுமையா வாங்க.

முதல்ல ஒரு கேள்வி. பொய் சொல்லக்கூடாது. கடைசியா எப்போ சாமி கும்பிட்டீங்க?

எனக்குத் தெரியும். ஹால் டிக்கெட் வாங்கின அன்னிக்கு. இல்லேன்னா ரிசல்ட்டுக்கு முந்தின ராத்திரி. காலேஜ் போற வழியில இருக்கிற பிள்ளையாரைப் பாருங்க. வருஷம் பூரா தனியா உக்காந்து காத்து வாங்குவார். செமஸ்டர் ஆரம்பிச்ச அன்னிக்கு அவர் முன்னாடி தோப்புக்கரணம் போட க்யூ நிக்கும். தர்காவுல போய் மந்திரிச்சுக் கயிறு கட்டிக்கிட்டு வர்றவங்க ஒரு பக்கம், வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துக்கிறவங்க ஒரு பக்கம். எந்த மதமா இருந்தா என்ன... நம்ம எல்லாருக்கும் பொதுவா ஒரு சாமி உண்டு. அதுக்குப் பேரு 'எக்ஸாம் சாமி'!

நானும் அந்த சாமியோட பரம பக்தைதான். எங்க வீடு தூத்துக்குடிப் பக்கம். பரம்பரைக் கத்தோலிக்கக் குடும்பம். ஜூலை 26 கொடியேறினா ஆகஸ்ட் 5 வரைக்கும் பனிமய மாதா திருவிழாதான் எங்களுக்கு தீபாவளி, பொங்கல் எல்லாம். ஆச்சி கையில ஜெபமாலை இல்லாம நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பொண்ணு மூணாவது செமஸ்டர் மேத்ஸுக்கு எப்படித் தயாரானா தெரியுமா? ஒன்பது நாள் அந்தோணியார் நவநாள். ரெண்டு நாள் படிப்பு. ரேஷியோவைக் கவனிச்சீங்களா?

ரிசல்ட் வந்துச்சு. அரியர்!

காணாமப் போன பொருளையெல்லாம் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர் அந்தோணியார்னு ஆச்சி சொல்லும். என்னோட பாஸ் மார்க் மட்டும் அவர் கண்ணுலயே படலை போல. இதுல பெரிய காமெடி என்னன்னா, எங்க அப்பா உப்பளத்துல கணக்குப்பிள்ளை. கணக்குப்பிள்ளையோட பொண்ணுக்குக் கணக்குல அரியர்! வீட்டுல சொல்ற தைரியம் எனக்கு இல்லை. போன்ல அப்பா கேட்டப்போ, "ரிசல்ட் இன்னும் சரியா வரலைப்பா"ன்னு ஒரு பொய். அடுத்த வாரம் இன்னொரு பொய். அப்புறம் அவர் கேக்கிறதையே விட்டுட்டார். அதுதான் அதிகமா வலிச்சுது.

'சாமி என் பக்கம் இல்லை, ஃபாதர்!'

ஈஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனேன். பூசை முடிஞ்சு எல்லாரும் கிளம்பினதுக்கு அப்புறம் எங்க பங்கு ஃபாதரைப் பிடிச்சேன். சின்ன வயசுல எனக்கு மறைக்கல்வி சொல்லிக் குடுத்தவர். அரியர் மேட்டரைச் சொல்லிட்டு, "சாமி என் பக்கம் இல்லை ஃபாதர். எனக்கு இனிமே நம்பிக்கை வர்ற மாதிரி தெரியலை"ன்னு டயலாக் விட்டேன். அறிவுரை ஒரு அரை மணி நேரத்துக்கு வரும்னு எதிர்பார்த்தேன்.

அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "நேத்து காலையில எந்திரிச்சதுலேர்ந்து படுக்கிற வரைக்கும் என்னெல்லாம் நடந்துச்சு? சொல்லும்மா பாப்போம்."

யோசிச்சேன். எந்திரிச்சேன். சாப்பிட்டேன். ரீல்ஸ் பார்த்தேன். சாப்பிட்டேன். ரீல்ஸ் பார்த்தேன். தூங்கினேன். அவ்வளவுதான்! இருபத்துநாலு மணி நேரத்துல எனக்கு ஞாபகம் இருந்தது மொத்தமே நாலு வினைச்சொல்.

ஃபாதர் சிரிச்சார். "நேத்து நடந்த நாளையே நீ பாக்கலை. அதுல சாமியைக் காணோம்னு சொல்லுதியே!"

சுருக்குன்னு இருந்துச்சு. அப்புறம் ஒரு வேலை குடுத்தார். தினமும் ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு கால் மணி நேரம். நாளைத் திருப்பி ஓட்டிப் பார்க்கணும். அதுக்கு ஒரு முறை இருக்கு. அதோட பேரைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. 'எக்ஸாமென்'! எக்ஸாம் எங்கே போனாலும் விடாது போலிருக்கே சாமி! பழைய செபப் புஸ்தகத்துல 'ஆத்தும சோதனை'ன்னு ஒண்ணு வரும். அதோட சொந்தக்காரன்தான் இது.

முப்பத்தெட்டு வயசு ஹாஸ்டல் ஸ்டூடன்ட்

இந்த முறையை எழுதி வெச்சவர் இஞ்ஞாசியார். லொயோலா காலேஜுன்னு சொல்றோமே, அந்த லொயோலாதான் அவர் ஊர், ஸ்பெயின்ல இருக்கு. 1491ல பொறந்தவர். துறவியா இல்லை, பந்தாவா டிரெஸ் பண்ணிக்கிட்டு சண்டைக்குப் போற வீரரா! 1521ல பம்ப்லோனா கோட்டையில நடந்த போர்ல பீரங்கிக் குண்டு வந்து காலை உடைச்சிடுச்சு. சேர்த்துக் கட்டினதுல எலும்பு ஒண்ணு துருத்திக்கிட்டு நின்னுச்சாம். 'பூட்ஸ் போட்டா அசிங்கமாத் தெரியும்'னு சொல்லி, மயக்க மருந்தே இல்லாத அந்தக் காலத்துல எலும்பை அறுக்கச் சொன்ன ஆளு! நம்ம ஹேர்ஸ்டைல் பார்ட்டிகள்லாம் இவர்கிட்ட பிச்சை வாங்கணும்.

மாசக் கணக்கா படுக்கை. படிக்க ஜாலியான வீரதீரக் கதை கேட்டார். வீட்டுல இருந்தது ரெண்டே புஸ்தகம்: கிறிஸ்துவோட வாழ்க்கை, புனிதர்களோட கதைகள். வேற வழி இல்லாம அதையே படிச்சார். நடுநடுவுல பகல் கனவு. ஒரு கனவுல அவர் பெரிய வீரர், ஒரு சீமாட்டி அவரைப் பார்த்து அசந்து போறா. இன்னொரு கனவுல பிரான்சிஸ் அசிசி மாதிரி எல்லாத்தையும் விட்டுட்டுக் கிளம்பிப் போறார். ரெண்டும் காணும்போது சுகமாத்தான் இருந்துச்சு. ஆனா முதல் கனவு கலைஞ்சதும் மனசு வறண்டு போச்சு. ரெண்டாவது கலைஞ்ச பிறகும் சந்தோஷம் அப்படியே தங்குச்சு.

இவ்வளவுதான் மேட்டர். வானம் பிளக்கலை, அசரீரி கேக்கலை. 'எனக்குள்ள எது தங்குது, எது வறண்டு போகுது'ன்னு ஒருத்தர் கவனிச்சார். சாமி பேசுறது இப்படித்தான்னு அவருக்குப் புரிஞ்சுது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பார்ட். படிக்கணும்னு முடிவு பண்ணினார். முப்பது வயசைத் தாண்டினவர், பார்சிலோனாவுல சின்னப் பசங்களோட உக்காந்து லத்தீன் இலக்கணம் கத்துக்கிட்டார். 1528ல பாரிஸ் யுனிவர்சிட்டி. 1529ல அவருக்கு ரூம் கிடைச்சுது. கூட இருந்த ரெண்டு ரூம்மேட்டுக்கும் வயசு இருபத்து மூணு. இவருக்கு முப்பத்தெட்டு! நம்ம ஹாஸ்டல்ல இப்படி ஒருத்தர் வந்தா 'அங்கிள்'னு பேர் வெச்சிருப்போம்.

ஒரு ரூம்மேட் பீட்டர் ஃபேபர். நல்லாப் படிக்கிறவர், ஆனா மனசுக்குள்ள ஏகப்பட்ட குழப்பம். அவர் இஞ்ஞாசியாருக்கு அரிஸ்டாட்டில் பாடம் சொல்லிக் குடுத்தார். இஞ்ஞாசியார் அவர் மனக் குழப்பத்தைக் காது குடுத்துக் கேட்டார். இன்னொரு ரூம்மேட், பெரிய வீட்டுப் பையன், ஸ்போர்ட்ஸ்ல கில்லி. அவரோட அண்ணன்மார் அந்த 1521 சண்டையில எதிரணி! ஆரம்பத்துல இந்தக் கால் ஊனமான அங்கிளை அவருக்குப் பிடிக்கவே இல்லை. அவர் பேரு பிரான்சிஸ் சவேரியார்.

ஆமா மக்கா. 1542ல எங்க முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து, மணல்ல நடந்து நடந்து, எங்க முன்னோர்களுக்கு ஜெபம் சொல்லிக் குடுத்த அதே சவேரியார்தான். நண்பர்கள் எழுதின கடிதத்துலேர்ந்து அவங்க கையெழுத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கழுத்துல போட்டுக்கிட்டுத் திரிஞ்சாராம். எங்க ஆச்சியோட ஜெபமாலை, பாரிஸ்ல ஒரு ஹாஸ்டல் ரூம்லேர்ந்து கிளம்பி வந்திருக்குன்னு ஃபாதர் சொன்னப்போ எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

அஞ்சே அஞ்சு ஸ்டெப்

சரி, அந்தக் கால் மணி நேரத்துல என்ன செய்யணும்? இஞ்ஞாசியார் எழுதின 'ஆன்மீகப் பயிற்சிகள்' புஸ்தகம், 1548ல போப் அங்கீகாரம் குடுத்தது. அதுல அஞ்சு படி இருக்கு. நான் ஹாஸ்டல் தமிழ்ல சொல்றேன்.

முதல் படி, நன்றி. இன்னிக்குக் கிடைச்சதுல எதுக்காவது. சின்னதா இருந்தாலும் பரவாயில்லை, ஆனா குறிப்பா இருக்கணும். 'எல்லாத்துக்கும் நன்றி'ங்கிறது செல்லாது. 'மழை வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி காய்ஞ்ச துணியை எடுத்து வெச்ச பக்கத்து ரூம் அக்காவுக்காக நன்றி'ன்னா செல்லும்.

ரெண்டாவது, வெளிச்சம் கேக்கிறது. என் நாளை என் கண்ணால மட்டும் பார்த்தா எனக்கு நானே வக்கீலா ஆகிடுவேன். அதனால 'உன் கண்ணால பார்க்கக் குடு'ன்னு கேக்கணும்.

மூணாவது, ரீவைண்ட். காலையிலேர்ந்து ஒவ்வொரு மணி நேரமா ஓட்டிப் பார்க்கிறது. எங்கே மனசு லேசாச்சு? எங்கே கசந்துச்சு? யார் முகம் திரும்பத் திரும்ப வருது? நான் ஃபெயிலான டிரான்ஸ்ஃபார்ம்ஸ் பேப்பரும் இதையேதான் சொல்லுது பாஸ். வெறும் இரைச்சலாத் தெரியுற சிக்னலை ஃபூரியர் வழியில திருப்பிப் பார்த்தா, உள்ளே ஒளிஞ்சிருக்கிற ஒழுங்கு தெரியும். சிக்னல் அதேதான். பார்க்கிற விதம்தான் வேற.

நாலாவது, மன்னிப்பு. அஞ்சாவது, நாளைக்கு. 'நாளைக்கு என்ன ஒண்ணை மாத்தலாம்?' ஒண்ணே ஒண்ணு. டைம்டேபிள் போட்டு ஒன்பது தீர்மானம் எடுக்கக்கூடாது.

கேக்க ஈஸியா இருக்கில்ல? முதல் நாள் ராத்திரி பத்தரைக்கு உக்காந்தேன். ரெண்டாவது படியிலேயே தூங்கிட்டேன். ரெண்டாம் நாளும் டிட்டோ. மூணாம் நாள்லேர்ந்து பெட்ல படுக்காம சுவத்துல சாஞ்சு உக்காந்தேன். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தெரிய ஆரம்பிச்சுது. ஃபர்ஸ்ட் ஹவருக்கு ஓடினப்போ பஸ்ஸை அரை நிமிஷம் நிறுத்தி ஏத்திக்கிட்ட கண்டக்டர் அண்ணன். லேட்டா வர்றேன்னு எனக்காக ரெண்டு தோசையை மூடி வெச்ச மெஸ் அக்கா. இவங்கெல்லாம் எங்கேர்ந்து வந்தாங்க? தினமும் இருந்தவங்கதான். நான்தான் பார்க்கலை.

'அட, நல்லா இருக்கே இந்த கேம்'னு நினைச்சேன். அப்போதான் பதினேழாவது நாள் வந்துச்சு.

'நீ போடி... எனக்குப் பசிக்கலை'

என் ரூம்மேட்டைப் பத்தி உங்களுக்குச் சொல்லியே ஆகணும். டெல்டா பக்கத்துப் பொண்ணு. அவ வீட்டுல முதல் பட்டதாரி. மேத்ஸுல நூத்துக்குத் தொண்ணூறு எடுக்கிற ஜாதி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட்டைப் போட்டுக்கிட்டுப் படிப்பா, வாய்க்குள்ள முணுமுணுத்துக்கிட்டே. அந்தச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. இதனாலேயே எங்களுக்குள்ள பேச்சு ரொம்பக் குறைவு.

அன்னிக்கு ரீவைண்ட் பண்ணிக்கிட்டு இருந்தேன். காலை, கிளாஸ், லேப்... சாயங்காலம் ஏழே முக்கால். மெஸ்ஸுக்குக் கிளம்புறேன். காதுல இயர்போன். அவ பெட்ல சுவரைப் பார்த்துப் படுத்திருக்கா. நான் "வர்றியா?"ன்னு கேக்கிறேன். அவ, "நீ போடி, எனக்குப் பசிக்கலை"ங்கிறா. நான் போறேன்.

இதுல என்ன இருக்கு? ஒண்ணும் இல்லை. அடுத்த சீனுக்குப் போகப் பார்த்தேன், போக முடியலை. அந்தக் குரல் மறுபடி மறுபடி வந்துச்சு. 'எனக்குப் பசிக்கலை.' நேத்து என்ன சொன்னா? அதையேதான். முந்தாநாள்? அன்னிக்கும் அதையேதான்! மூணு நாளா ராத்திரி அவ மெஸ்ஸுக்கு வரவே இல்லை. மேஜையில ஒரு பிஸ்கட் பாக்கெட், பாதி. தண்ணி பாட்டில். இன்னும் பின்னாடி ஓட்டினேன். திங்கட்கிழமை மெஸ் வாசல் நோட்டீஸ் போர்டுல ஒரு லிஸ்ட். மெஸ் பில் கட்டாதவங்க பேர். அதைத் தாண்டித்தான் நான் தினமும் மூணு வேளை சாப்பிடப் போறேன். ஒரு தடவைகூட படிச்சது இல்லை.

எனக்குக் கை கால் எல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. ஆறடி தூரத்துல அவ படுத்திருக்கா. நான் இங்கே கண்ணை மூடிக்கிட்டு சாமியைத் தேடிக்கிட்டு இருக்கேன்!

பசியா இருந்தேன், எனக்குச் சோறு குடுத்தீங்களான்னு கடைசி நாள்ல அவர் கேப்பார்னு மத்தேயு நற்செய்தியில வரும். சின்ன வயசுல மனப்பாடம் பண்ணி மறைக்கல்விப் போட்டியில பரிசு வாங்கின பகுதி அது. சோப்பு டப்பா குடுத்தாங்க. அந்த சோப்பு டப்பாவை இன்னமும் ஹாஸ்டல்ல யூஸ் பண்றேன்!

நாலாவது படி அன்னிக்கு எனக்குத் தானா வந்துச்சு. அஞ்சாவது படி, 'நாளைக்கு'. ஆனா பசிக்கு நாளைன்னு ஒண்ணு கிடையாதே? எந்திரிச்சுப் போய் அவ பெட் ஓரத்துல உக்காந்தேன். "ஏய்... தூங்கிட்டியா?" அவ தூங்கலை.

விஷயம் இதுதான். லோடு ஏத்துற வேலை பார்க்கிற அவ அப்பா கீழே விழுந்து இடுப்புல அடி. ரெண்டு மாசமா வேலை இல்லை. வீட்டுலேர்ந்து பணம் வரலை. லிஸ்ட்ல பேர் வந்ததுக்கு அப்புறம் மெஸ் க்யூவுல நிக்கக் கூச்சம். மதியம் கேன்டீன்ல ஒரு டீ, ஒரு பன். அதை வெச்சு ஓட்டிக்கிட்டு இருந்திருக்கா. மாடல் எக்ஸாம்ல ஃபர்ஸ்ட் மார்க்கும் எடுத்திருக்கா!

ஊர்லேர்ந்து அம்மா குடுத்து விட்ட முறுக்கு டப்பாவைத் திறந்தேன். ராத்திரி பன்னெண்டு மணிக்கு ரெண்டு பேரும் கருக் முருக்குன்னு... சாப்பிட்டுக்கிட்டே அழுதா. அழுதுக்கிட்டே சிரிச்சா.

மறுநாள் நான் அவகூட வார்டன் மேடத்தைப் பார்க்கப் போனேன். மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுத்தாங்க. எங்க விங்ல ஆறு பேர் சேர்ந்து ஜிபே பண்ணினோம். சும்மா வாங்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். "கடன்னா வாங்கிக்கிறேன். இல்லேன்னா வேண்டாம்." அப்போதான் நான் வாயைத் திறந்தேன். "எனக்கு டிரான்ஸ்ஃபார்ம்ஸ்ல அரியர்டி. வீட்டுக்குக்கூடத் தெரியாது. சொல்லிக் குடுக்கிறியா? ஃபீஸ்னு வெச்சுக்கோ."

ஒரு ரூம்மேட் பாடம் சொல்லிக் குடுக்க, இன்னொரு ரூம்மேட் காது குடுத்துக் கேக்க... இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கில்ல?

நடந்தப்போ தெரியலை

பைபிள்ல எனக்கு இப்போ ரொம்பப் பிடிச்ச கதை ஒண்ணு இருக்கு. லூக்கா நற்செய்தி, 24ஆம் அதிகாரம். இயேசு செத்துட்டார், எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு ரெண்டு சீடர்கள் எம்மாவு ஊருக்கு நடந்து போறாங்க. உயிர்த்த இயேசுவே வழியில வந்து கூட நடக்கிறார். பேசுறார். அவங்களுக்கு அடையாளமே தெரியலை! சாயங்காலம் ஆச்சு, தங்கிட்டுப் போங்கன்னு கூப்பிடுறாங்க. சாப்பிட உக்காந்து அவர் அப்பத்தைப் பிட்டுக் குடுக்கும்போதுதான் கண் திறக்குது. அந்த நிமிஷமே அவர் மறைஞ்சு போறார். அப்புறம்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, 'வழியில அவர் பேசும்போதே நம்ம மனசு பத்தி எரிஞ்சுதே'ன்னு சொல்லிக்கிறாங்க.

கவனிச்சீங்களா? நடந்தப்போ தெரியலை. திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிஞ்சுது. அதுவும் சாப்பாட்டு மேஜையில!

சாமி எல்லா இடத்துலயும் இருக்கார்னு பல மதங்கள் சொல்லுது. கத்தோலிக்கத்துல அதுக்கு ஒரு தனி ருசி இருக்கு. சாமி மனுஷனாப் பொறந்தார்னு நாங்க நம்புறோம். அப்படிப் பொறந்தவர் பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சப்போ வயசு சுமார் முப்பது. அதுவரைக்கும் நாசரேத்துங்கிற சின்ன ஊர்ல தச்சு வேலை. புதுமை இல்லை, கூட்டம் இல்லை. மரத்தூள், வியர்வை, அம்மா சமையல். அந்த முப்பது வருஷமும் வேஸ்ட் இல்லைன்னா, நம்மளோட லேப், பஸ், மெஸ் க்யூ எதுவும் வேஸ்ட் இல்லை.

பாரிஸ்ல லாரன்ஸ்னு ஒரு கார்மேல் சபைச் சகோதரர் இருந்தார். 1691ல இறந்தவர். இவரும் போர்ல அடிபட்ட பழைய சிப்பாய்தான். மடத்துல அவருக்குக் கிடைச்சது சமையக்கட்டு வேலை. அவருக்கு அந்த வேலை பிடிக்கவே பிடிக்காது! ஆனா வருஷக் கணக்கா அந்தப் பாத்திரங்களுக்கு நடுவுலேயே சாமியோட பேசப் பழகிட்டார். கோயில்ல முழங்கால் போடுறதுக்கும் அடுப்படியில நிக்கிறதுக்கும் அவருக்கு வித்தியாசமே இல்லாமப் போச்சாம்.

லிசியே ஊர் சிறுமலர் தெரேசா தெரியுமா? 1897ல இறந்தப்போ வயசு இருபத்து நாலுதான். தியான நேரத்துல பின்னாடி உக்காந்திருந்த ஒரு சிஸ்டர் தினமும் ஏதோ ஒரு சின்னச் சத்தம் பண்ணிக்கிட்டே இருப்பாங்களாம். தெரேசாவுக்குத் திரும்பி முறைக்கணும்போல வருமாம். முறைக்கலை. அந்தச் சத்தத்தையே ஒரு இசைக் கச்சேரி மாதிரி நினைச்சு சாமிக்குக் குடுத்துட்டாங்க. இதைப் படிச்சதுலேர்ந்து ராத்திரி ரெண்டு மணி முணுமுணுப்பைப் பத்தி நான் வாயே திறக்கிறதில்லை. அதுவும் இல்லாம, இப்போ அவ முணுமுணுக்கிறது என் அரியர் பேப்பரை!

கொஞ்சம் உஷாரா இருங்க

எங்க கிளாஸ்ல ஒரு நாத்திக நண்பன் இருக்கான். இதையெல்லாம் கேட்டுட்டு, "இது டைரி எழுதுற மாதிரிதானே? இதுல சாமி எங்கேர்ந்து வந்தார்?"னு கேட்டான். நல்ல கேள்வி. டைரி எழுதினாலும் நன்மைதான், மறுக்கலை. ஆனா டைரி எழுதும்போது நான் என்கிட்ட பேசுறேன். இங்கே இன்னொருத்தர்கிட்ட பேசுறேன். அந்த இன்னொருத்தர்தான் 'பசிக்கலை'ங்கிற சீன்ல என்னைப் பிடிச்சு நிறுத்தினார்னு நான் நம்புறேன். நிரூபிக்க முடியாது. அவன் ஒத்துக்கலை. ஆனா அந்த ஆறு பேர் ஜிபேயில அவனைக் கேக்காமலேயே ஏழாவதா சேர்ந்தான்!

இன்னொண்ணு. நான் குஷியில ஃபாதருக்கு போன் போட்டு, "என் கண்ணைத் திறக்கத்தான் சாமி அவளைப் பட்டினி போட்டிருக்கார் ஃபாதர்"னு சொன்னேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். "அப்படிச் சொல்லாதம்மா. ஒரு பிள்ளை பட்டினி கிடக்கது சாமியோட திட்டம் கெடையாது. அவரு அந்தப் பிள்ளைகூட பட்டினி கிடந்தாரு. நீதான் லேட்டா வந்த." இதை நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.

எல்லா நாளும் இப்படி ஏதாவது கிடைக்குமான்னா, கிடைக்காது. சில ராத்திரி வெறும் சுவத்தைத்தான் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். மனசு காய்ஞ்சு போய்க் கிடக்கும். அதுக்கும் இஞ்ஞாசியார் ஒரு விதி சொல்லியிருக்கார். மனசு இருண்டு கிடக்கிற நேரத்துல புதுசா முடிவு எடுக்காதே, வெளிச்சமா இருந்தப்போ எடுத்த முடிவுலேயே நில். எந்த மதமா இருந்தாலும் இதைக் கட் பண்ணி கப்போர்டுல ஒட்டிக்கோங்க. ராத்திரி ஒரு மணிக்கு 'படிப்பை விட்டுடலாம்', 'எல்லாமே முடிஞ்சுது'ன்னு தோணும் பாருங்க... அந்த நேரத்துக்குன்னே எழுதின மாதிரி இருக்கும். விடியட்டும். யார்கிட்டயாவது வாய் விட்டுப் பேசுங்க.

கடைசியா, அப்பா...

ரூம்மேட் மேட்டர் முடிஞ்ச மறுநாள் ராத்திரி ரீவைண்ட்ல இன்னொரு முகம் வந்துச்சு. அப்பா. 'நாளைக்கு'ன்னு சொல்லிப் பார்த்தேன். நாலு நாள் அதே பதில் சொன்னேன். அஞ்சாம் நாள் போன் பண்ணிட்டேன்.

"அப்பா... மேத்ஸுல அரியர். ரிசல்ட் அப்பவே வந்துடுச்சு. நான் பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. உப்பளத்துல காத்து வீசுற இரைச்சல் மட்டும் கேட்டுச்சு. எத்தனை விநாடின்னு தெரியலை, எனக்கு மூணு மணி நேர எக்ஸாம் மாதிரி இருந்துச்சு.

அப்புறம் அப்பா கேட்டார். "சாப்ட்டியாம்மா?"

அவ்வளவுதான் மக்கா. எனக்கு அதுக்கு மேல விளக்கத் தெரியலை. அன்னிக்கு ராத்திரி முதல் படிக்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கலை.

மே மாசம் அரியர் எக்ஸாம் எழுதியாச்சு. இந்தத் தடவை நவநாள் ஒன்பது நாள், படிப்பு இருபத்தஞ்சு நாள்! ரிசல்ட் இன்னும் வரலை. பாஸா, மறுபடியும் ஊத்திக்குமா, தெரியாது. வந்ததும் இதே பக்கத்துல சொல்றேன்.

உங்களுக்கு ஒரே ஒரு ஹோம்வொர்க். இன்னிக்கு ராத்திரி பத்தரைக்கு போனைத் தள்ளி வெச்சுட்டு, சுவத்துல சாஞ்சு உக்காருங்க. நீங்க எந்த சாமியைக் கும்பிட்டாலும் சரி, யாரையும் கும்பிடலேன்னாலும் சரி. நாளைத் திருப்பி ஓட்டுங்க. யாராவது ஒருத்தர் உங்ககிட்ட 'பசிக்கலை', 'ஒண்ணும் இல்லை', 'நான் நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்லியிருப்பாங்க. அந்த இடத்துல நிறுத்தி, இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம்!